ஆம்ப்ளிஃபயரை விடுங்கள், அறையைக் கவனியுங்கள்

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு. ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரம். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ். இடது சுவரில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி ஜன்னல். சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், பேஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர். வசனம் தெளிவாகக் கேட்கவில்லை. பேஸ் கிட்டாரில் சில சுரங்கள் மட்டும் வீட்டையே குலுக்குகின்றன, சில சுரங்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. கடைக்காரர் முப்பதாயிரத்துக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்கிறார். நண்பர் சுவரில் ஃபோம் ஒட்டச் சொல்கிறார். இன்னொருவர் மலைக்காற்று லேசு, இங்கே பேஸ் இப்படித்தான் இருக்கும் என்கிறார். கீழ்வீட்டுக்காரரும் சத்தம் வருகிறது என்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இதே செட் தாத்தாவின் பழைய வீட்டில், பலகைத் தரையும் பலகை சீலிங்கும் தகரக் கூரையுமாக இருந்த வீட்டில், அருமையாகப் பாடியது.

அந்த வரிதான் எனக்கு முக்கியம். செட் மாறவில்லை, ஊர் மாறவில்லை, வீடு மட்டும் மாறியிருக்கிறது. எனவே அந்த முப்பதாயிரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஸ்பீக்கர் கூம்பிலிருந்து ஒலி கிளம்பிய பிறகு நடப்பதுதான் உங்கள் பிரச்சினை. அதற்கு முன்னால் இருக்கும் எந்தப் பெட்டியை மாற்றினாலும் இந்தக் குமுறல் அப்படியே இருக்கும்.

பழைய வீடு ஏன் இனிமையாக இருந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தரை என்பது மரச் சட்டங்களின் மேல் அடித்த பலகை, அதற்குக் கீழே வெற்றிடம். சீலிங்கும் அப்படியே, பலகைக்கு மேலே காற்று, அதற்கு மேலே ஓடு அல்லது தகரம். பேஸ் ஒலி வந்து மோதும்போது இந்தப் பலகைகள் கண்ணுக்குத் தெரியாமல் அசைகின்றன. அசையும்போது ஒலியின் ஆற்றலில் ஒரு பகுதி மரத்துக்குள் உராய்வாகி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. ஒலியியல் அட்டவணைகளில் 125 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 125 அதிர்வுகள் உள்ள பேஸ் ஒலியில், மெல்லிய பிளைவுட் அடைப்பின் உறிஞ்சு எண் 0.28 அளவில் இருக்கும். அதாவது மோதும் ஆற்றலில் நூற்றுக்கு 28 பங்கு திரும்பி வருவதில்லை. சட்டத்தின் மேல் அடித்த பலகைத் தரைக்கு அது 0.15. டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் தரைக்கு 0.01. உங்கள் புது ஹாலில் தரை, மேல்தளம், சுவர் என எல்லாமே இந்தக் கடைசி ரகம். போன பேஸ் முழுவதும் திரும்பி வருகிறது, மறுபடி போகிறது, மறுபடி வருகிறது.

இப்போது அளவுகளுக்கு வருவோம். ஒலி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பும்போது, அலையின் பாதி நீளம் அறையின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தினால் அந்த அதிர்வெண் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். இதுதான் அறை ஒத்ததிர்வு. நம் மலையின் குளிரில், 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது. எளிதாகக் கணக்குப் போட, 558ஐ அறையின் அளவால், அடிக் கணக்கில், வகுத்தால் போதும். உங்கள் 18 அடி நீளத்துக்கு 31 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 62, 93, 124. 12 அடி அகலத்துக்கு 46.5, 93. 9 அடி உயரத்துக்கு 62, 124. கவனித்தீர்களா? 62 நீளத்திலும் வருகிறது, உயரத்திலும் வருகிறது. 93 நீளத்திலும் அகலத்திலும் வருகிறது. 18, 12, 9 என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் அமைந்துவிட்டதால் ஒத்ததிர்வுகள் பரவாமல் ஓரிடத்தில் குவிந்துவிட்டன. வீடு கட்டும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. ஹாலின் நீளம் 17 அடியாக இருந்திருந்தால் 62 ஹெர்ட்ஸ் குவியல் கொஞ்சம் கலைந்திருக்கும்.

உங்களைத் தொந்தரவு செய்யும் சுரங்கள் எவை என்று பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். 62 ஹெர்ட்ஸ் என்பது மேற்கத்திய சுரப் பெயர்களில் கிட்டத்தட்ட தாழ்ந்த பி. 93 என்பது எஃப் ஷார்ப். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி மெட்டுப் போல ஓடும். அந்த ஓட்டத்தில் இந்த இரண்டு சுரமும் வரும்போதெல்லாம் உங்கள் ஹால் கூடவே சேர்ந்து முழங்கும். அகலத்தின் முதல் ஒத்ததிர்வான 46.5 ஹெர்ட்ஸில் நடுக்கோட்டில் அழுத்தம் சுழி, அதாவது பூஜ்யம். நீங்கள் சோபாவின் நடுவில், அதாவது அகலத்தின் நடுக்கோட்டில், உட்கார்வதால் அந்தச் சுற்றுவட்டாரச் சுரங்களுக்கு அந்த ஒத்ததிர்வின் துணை கிடைப்பதில்லை. குலுங்கும் சுரமும் காணாமல் போகும் சுரமும் இப்படி ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சுவரை ஒட்டிய இடத்தில் நீளவாட்டு ஒத்ததிர்வுகள் எல்லாவற்றின் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும். ஆகவே காசு செலவில்லாத முதல் வேலை, சோபாவை முன்னால் இழுப்பது. உங்கள் ஹாலில் பின்சுவரிலிருந்து நாலரை அடியில் தலை வருகிற மாதிரி உட்கார்ந்து பாருங்கள். 18 அடியில் கால் பங்கு அது. அந்த இடத்தில் நீளத்தின் 62 ஹெர்ட்ஸ் சுழியாகிவிடும், உயரத்தினுடையது மட்டும் மிஞ்சும். அங்கிருந்து முன்னும் பின்னும் அரை அடி அரை அடியாக நகர்ந்து காதுக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹாலின் சரி நடுவில், 9 அடியில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே நீளத்தின் 31ம் 93ம் இரண்டுமே விழுந்துவிடும், பாட்டு எலும்பும் தோலுமாகிவிடும்.

ஸ்பீக்கர்களை 12 அடிச் சுவர் பக்கம் வைத்து, நீளவாக்கில் பாடவிடுங்கள். முன்சுவரிலிருந்து ஸ்பீக்கரின் முகப்பு 3 அடி தள்ளியிருக்கட்டும். 3 அடி என்பது உங்கள் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த இடத்தில் நிற்கும் ஸ்பீக்கரால் நீளவாட்டு 93 ஹெர்ட்ஸைத் தூண்டிவிட முடியாது. ஸ்பீக்கர்களுக்கு இடையே 7 அடி, இரு பக்கச் சுவர்களிலிருந்தும் சமமாக இரண்டரை அடி. உச்ச ஒலிகளைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் காது மட்டத்தில் வர வேண்டும். டிவி ஸ்டாண்டின் உள்ளே தள்ளி வைத்திருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், பலகையின் நடுவே அடைபட்டு ஆண்குரல் எல்லாமே குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும்.

சப்வூஃபருக்கு ஒரு பழைய வழி இருக்கிறது, இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் ஓட்டம் உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். காது சப்வூஃபரின் உயரத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஓரளவு ஒரே பலத்தில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். மூலையில் வைத்தால் எல்லா ஒத்ததிர்வும் ஒன்றுசேர்ந்து எழும்பும், சத்தம் அதிகமாவதால் நன்றாக இருப்பதாக முதல் நாள் தோன்றும். பேஸைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள்.

இவ்வளவு செய்துவிட்டு ஒரு வாரம் கேளுங்கள். பேஸில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது வசனத் தெளிவு.

அதற்குக் காரணம் அறையின் முழக்க நேரம். ஒலி நின்ற பிறகு அது 60 டெசிபெல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) தேய எடுக்கும் காலம் அது. இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் வாலஸ் கிளெமென்ட் சபின். ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேச்சு யாருக்கும் புரியவில்லை, சரிசெய்யுங்கள் என்று 1895இல் அந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவுகளில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயையும் நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவருடைய கணக்கை வைத்துக் கட்டப்பட்டது. அடிக் கணக்கில் அவருடைய சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.049ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால், அதாவது ஒவ்வொரு பரப்பையும் அதன் உறிஞ்சு எண்ணால் பெருக்கிக் கூட்டியதால், வகுக்க வேண்டும்.

உங்கள் ஹாலின் கன அளவு 1,944 கன அடி. அதை 0.049ஆல் பெருக்கினால் 95. மொத்தப் பரப்பு 972 சதுர அடி, அதில் வெறும் சுவரும் டைல்ஸும் உறிஞ்சுவது 40 சதுர அடிக்குச் சமம். சோபா, மெல்லிய திரை, உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் என்று இன்னும் 20 சேர்த்துக்கொள்வோம். 95ஐ 60ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.6 வினாடி. வீட்டில் பாட்டும் படமும் பார்க்க 0.4 முதல் 0.5 வினாடி நன்றாக இருக்கும். ஒரு சொல்லின் வால் முடியும் முன்பே அடுத்த நாலைந்து சொற்கள் வந்து அதன் மேல் விழுகின்றன என்றால் எப்படிப் புரியும்? 0.5 வினாடிக்குக் கொண்டுவர 190 சதுர அடி வேண்டும், அதாவது இன்னும் 130 சதுர அடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு துண்டு ஃபோம் ஒட்டினால் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஃபோம் பற்றி நேராகவே சொல்கிறேன்: ஒட்டாதீர்கள். ஓர் அங்குல கூம்பு ஃபோம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான் உருப்படியாக வேலை செய்யும். கடைகளில் அழகான நிறங்களில் கிடைக்கும் 9 மி.மீ. பாலியெஸ்டர் அட்டையும் அப்படியே. முட்டை அட்டை இவற்றைவிடக் கீழ். இவற்றால் சுவர் நிறைய ஒட்டினால் வயலினின் மினுமினுப்பும் சலங்கை ஒலியும் செத்துப்போகும், கீழே குமுறல் அப்படியே நிற்கும். அறை முன்னைவிட மந்தமாகிவிடும். இன்னொரு காரணம் நம் ஊருக்கு மிக முக்கியம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கரி அடுப்பும் கணப்பும் மூட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் நிமிடக் கணக்கில் பரவும், அதன் புகை உயிரைக் குடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுச் சுவரில் அது வேண்டாம்.

வேலை செய்வது தடிமன். சுவரைத் தொடும் இடத்தில் காற்று அசைய முடியாது, அங்கே அழுத்தம் மட்டும் ஏறி இறங்கும். சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் காற்று முழு வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும். நார்ப் பொருள் காற்றின் ஆட்டத்தை உராய்வால் அடக்குகிறது, எனவே அது ஆட்டம் உள்ள இடம் வரை நீண்டிருக்க வேண்டும். 500 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் நாலு அங்குலத் தடிமனும் பின்னால் மூன்று நாலு அங்குலக் காற்றிடைவெளியும் வைத்தால், பேச்சின் முழு வீச்சும் அதற்குக் கீழே கணிசமான பகுதியும் பிடிபடும். காற்றிடைவெளிக்குக் காசு கிடையாது, ஆனால் பாதி வேலையை அதுதான் செய்கிறது.

பொருள், ராக்வூல் என்ற பாறை நார். கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. தடிமன் உள்ள சிலாப் கேளுங்கள். கோயம்புத்தூரில் இன்சுலேஷன் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும், அறுத்து ஏற்றிவரலாம். சட்டத்துக்கு நம் தேயிலைத் தோட்டங்களின் நிழல் மரமான சில்வர் ஓக் பலகையே போதும், நன்றாக உலர்ந்ததாகப் பாருங்கள், பச்சை மரம் ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். 4 அடிக்கு 2 அடி சட்டம், நாலு அங்குல ஆழம், உள்ளே இரண்டு சிலாப். சிலாபைச் சுற்றி, சோபாவின் அடிப்பக்கத்தில் அடிப்பார்களே அந்த மெல்லிய நான்-ஓவன் துணியைச் சுற்றிவிட்டால் நார் உதிராது. முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் வைத்து வேலை பாருங்கள். முகப்புத் துணியை வாங்கும் முன் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போனால் ஒலியும் போகும்.

கம்பளியைப் பற்றியும் கேட்பீர்கள், மலைக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இன்னொன்று. ஆட்டு ரோமம் நல்ல ஒலி உறிஞ்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு அங்குலத் தடிமனுக்கு நிறைய வேண்டும், அந்துப்பூச்சியிடமிருந்து காப்பதும் பெரும்பாடு. தரையில் விரிக்கக் கம்பளியைப் பயன்படுத்துங்கள். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே அடர்த்தியான கம்பளி விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

மேலே சொன்ன ராக்வூல் சட்டத்தைப் பேனல் என்போம், எட்டு பேனல் செய்தால் 64 சதுர அடி. எங்கே மாட்டுவது? நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள், வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நகரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் அதன் ஒலி மோதி உங்களிடம் வருகிறது. உங்கள் அளவுகளில் அந்த எதிரொலி நேரடி ஒலிக்கு 2, 3 மில்லிசெகண்ட் பின்னால் வரும். இவ்வளவு நெருக்கத்தில் வந்தால் காது அதைத் தனியாகக் கேட்பதில்லை, நேரடி ஒலியோடு சேர்த்தே கேட்கும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வேட்டில் இதை விளக்கினார். சேர்த்துக் கேட்பதால்தான் பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அகன்று மங்குகிறது. வலது சுவரில் இரண்டு பேனல், சீலிங்கில் இதே கண்ணாடி முறையில் இரண்டு, பின்சுவரில் உங்கள் தலைக்குப் பின்னால் இரண்டு, முன்சுவரில் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இரண்டு. சீலிங்கை விட்டுவிடாதீர்கள், 9 அடி உயரத்தில் அதுதான் கீழே டைல்ஸோடு சேர்ந்து விளையாடுகிறது. ஆங்கர் போல்ட் அடித்துச் சங்கிலியில் நாலு அங்குலம் தொங்கவிடுங்கள்.

இடது பக்கம் ஜன்னல். அந்தக் காட்சியை மறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணாடி வினோதமான பொருள்: மெல்லிய ஜன்னல் கண்ணாடி 125 ஹெர்ட்ஸில் 0.35 அளவுக்கு உறிஞ்சும், தானும் அசைவதால். மேலே போகப்போகப் பாறை மாதிரித் திருப்பி அடிக்கும், 4,000 ஹெர்ட்ஸில் 0.04 மட்டுமே. அதற்கு ஏற்ற மருந்து கனத்த வெல்வெட் திரை. ஜன்னலின் அகலத்தைப் போல இரு மடங்கு துணி எடுத்து, நன்றாக மடிப்பு விழும்படி, கண்ணாடியிலிருந்து ஐந்தாறு அங்குலம் தள்ளி ராடு போடுங்கள். பாட்டு கேட்கும்போது இழுத்துவிடுங்கள், மற்ற நேரம் மலையைப் பாருங்கள். குளிருக்கும் அது நல்லது.

மீதி 64 சதுர அடி மூலைகளுக்கு. இரண்டு சுவர் சேரும் மூலையில் எல்லா ஒத்ததிர்வும் கூடுகிறது. அங்கே தரையிலிருந்து 8 அடி உயரம், 2 அடி அகலம், ஆறு அங்குலத் தடிமனில் ஒரு தூண் பேனலைக் குறுக்காக நிறுத்தினால், பின்னால் முக்கோணமாக ஓர் அடிக் காற்று கிடைக்கும். நாலு மூலையும் கிடைக்காது, கதவு வரும். கிடைக்கிற மூலைகளில் வையுங்கள், இல்லாததற்குப் பதில் பின்சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்பில் படுக்கவாட்டில் ஒன்று. நூறு ஹெர்ட்ஸ் சுற்றிலும் இதன் பலன் தெளிவாகக் கேட்கும். சட்டத்தை நீங்களே அடித்தால், இந்த மொத்த வேலையும் ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்து வைத்த தொகைக்குள் முடிந்துவிடும்.

62 ஹெர்ட்ஸுக்கு மட்டும் இது போதாது. அதன் கால் அலையே நாலரை அடி. உயரவாட்டில் வருவதால் சோபாவை நகர்த்தியும் தப்ப முடியாது. இங்கேதான் தாத்தா வீட்டுப் பலகை மறுபடி தேவைப்படுகிறது. 9 மி.மீ. பிளைவுட்டை 4 அடிக்கு 4 அடி வெட்டி, காற்றுப் புகாத ஆழம் குறைந்த பெட்டியின் முகப்பாக அடித்தால், அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அசைந்து அந்த ஒலியைத் தின்னும். உள்ளே பின்பக்கமாக ராக்வூல், பிளைவுட்டைத் தொடக் கூடாது. சமவெளியில் பயன்படுத்தும் சூத்திரம்: பலகையின் எடையை சதுர மீட்டருக்குக் கிலோவிலும், பெட்டியின் ஆழத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 60ஐ வகுக்க வேண்டும். 9 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு 5.6 கிலோ என்றால் 62 ஹெர்ட்ஸுக்கு ஆறரை அங்குல ஆழம் வரும்.

ஆனால் கோத்தகிரியில் அப்படிச் செய்யக் கூடாது. மலைக்காற்று லேசு என்று சொன்னவர் பாதி சரி. ஒலியின் வேகம் காற்றின் அடர்த்தி குறைவதால் மாறாது, வெப்பநிலைதான் அதை முடிவு செய்கிறது, ஆகவே உங்கள் ஹாலின் ஒத்ததிர்வுகள் சமவெளியில் இருப்பதை ஒட்டியே இருக்கும். ஆனால் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது, அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் தளர்வதால் பெட்டியின் அதிர்வெண் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கிவிடும். சூத்திரத்தில் 60க்குப் பதில் 54 போடுங்கள். ஆழம் ஐந்தே கால் அங்குலம் என்று வரும். பிளைவுட்டைக் கடையிலேயே எடை போட்டுக் கணக்கை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டிகள் இரண்டு, அடிப்பக்கம் தரையைத் தொடும்படி பின்சுவரோரம். மற்ற எல்லாம் முடிந்த பிறகு, அப்போதும் பி சுரம் தூக்கலாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அளந்து பார்க்க விரும்பினால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம், யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் ஒன்று போதும். மைக் இல்லாவிட்டாலும் கோடை பண்பலையைப் போட்டு அறிவிப்பாளரின் குரலைக் கேளுங்கள். ஒரு மனிதர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பேசுவது போல இருந்தால் பக்கச் சுவர்கள் சரி. குரல் கனத்துப் போனால் மூலைகளில் இன்னும் வேலை இருக்கிறது. கைதட்டினால் விர்ர் என்று நடுங்கிக்கொண்டே தேயும் ஒலி வந்தால், எங்கேயோ இரண்டு வெற்றுச் சுவர்கள் எதிரெதிராக நிற்கின்றன. அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். தூக்கலை அது இறக்கும், சுழியான இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

இனி ஈரம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரெல்லாம் வியர்க்கும். சரிவை வெட்டிக் கட்டிய வீடு என்றால், மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் ஆண்டு முழுவதும் ஓதம் காக்கும். அந்தச் சுவரில் பேனலை ஒட்டி மாட்டினால் முதல் மழைக்காலம் முடியும் முன் பின்பக்கம் கரும்புள்ளி விழுந்துவிடும். காற்றிடைவெளி இங்கே இரண்டாவது முறை உதவுகிறது. மேலும் கீழும் திறந்திருக்கட்டும், காற்று ஓடட்டும். ராக்வூல் நார் பூஞ்சைக்கு இரையாவதில்லை, துணியும் தூசியும் மரமும்தான் இரையாகும். எனவே சணல் துணி வேண்டாம், பாலியெஸ்டர் கலந்த துணி எடுங்கள். சட்டத்தின் உட்பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். ஜனவரியில் வெயில் வந்ததும் பேனல்களைக் கழற்றி முற்றத்தில் சாய்த்து வைத்து, பின்பக்கத் தூசியைத் தட்டிவிடுங்கள். ஆணியில் மாட்டாமல் கொக்கியில் மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

சுவர் முழுவதையும் மூடிவிட வேண்டாம். 0.3 வினாடிக்குக் கீழே போனால் வீட்டில் பேசவே பிடிக்காது. பின்சுவரில் மிச்சமுள்ள இடத்தில் புத்தக அலமாரி வையுங்கள், புத்தகங்கள் முன்னும் பின்னுமாக ஒழுங்கற்று நிற்கட்டும், ஒலி சிதறும்.

கடைசியாகக் கீழ்வீட்டுக்காரர். இதுவரை சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கும் சத்தத்தை அதிகம் குறைக்காது. அறைக்குள் ஒலியைத் திருத்துவதும் வெளியே போகாமல் தடுப்பதும் வேறு வேறு வேலைகள். தடுக்க எடையும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும், ராக்வூல் பேனலில் இரண்டும் கிடையாது. அவரைச் சென்றடைவது பெரும்பாலும் சப்வூஃபரிலிருந்து தளத்துக்குள் இறங்கும் அதிர்வு. கனமான கடப்பைக் கல் ஒன்றின் அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்து, அதன் மேல் சப்வூஃபரை நிறுத்துங்கள். கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். ஒத்ததிர்வு அடங்கியதும் நீங்களே சப்வூஃபரின் ஒலியளவைக் குறைப்பீர்கள், ஏனென்றால் காணாமல் போன சுரங்களைத் தேடி அதை ஏற்றிவைக்கும் தேவை இருக்காது. அதற்குப் பிறகும் அவருக்குக் கேட்டால், எந்தப் பாட்டுக்குக் கேட்கிறது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள், எந்த அதிர்வெண் இறங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.